'டிஸ்க் தேஞ்சுபோச்சு'னு சொல்லிட்டாங்களா? இடுப்பு வலியைப் பயமில்லாமல் புரிந்துகொள்வோம்!

மாலை ஆறரை மணிக்கு சிறுசேரி சிப்காட் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வரிசையாக நிற்கும் ஆபீஸ் பஸ்களை நோக்கிக் கூட்டம் வந்துகொண்டிருக்கும். லேப்டாப் பை ஒரு தோளில் தொங்க, இன்னொரு கையால் இடுப்பின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி நடப்பவர்களை எண்ண ஆரம்பித்தால் சீக்கிரமே கணக்கு விட்டுப்போகும். அதில் பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

காலையில் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ பஸ் ஏறி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகவோ வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாகவோ வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தாயிற்று. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டருக்கு வரப்போகும் மெட்ரோவுக்காகத் தோண்டிய ஓ.எம்.ஆரில் மாட்டினால் இன்னும் கூடும். அப்புறம் சீட்டில் எட்டு, ஒன்பது மணி நேரம். திரும்பவும் பஸ். வீட்டுக்குப் போனால் சோபாவில் சாய்ந்தபடி போன்.

சரி, உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பிரச்னையா? அதே வளாகத்தில் செக்யூரிட்டி அண்ணன் ஷிஃப்ட் முழுக்க நிற்கிறார். ஹவுஸ்கீப்பிங் அக்கா குனிந்து நிமிர்ந்தே நாளைக் கழிக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் கேன் போடும் தம்பி ஒவ்வொரு மாடியாக 20 லிட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். எல்லோரும் ராத்திரி சொல்வது ஒன்றேதான்: "இடுப்பு விட்டுப்போச்சு!"

உலகம் முழுவதும் இதே கதைதான். 2020-ல் மட்டும் 61.9 கோடி பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2050-ல் இது 84.3 கோடி ஆகலாம் என்பது கணிப்பு. மனிதர்களை அன்றாட வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இடுப்பு வலிக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவு பேருக்கு வரும் வலியைப் பற்றி நம் வீடுகளில் உலவும் நம்பிக்கைகளில் பாதி, வலியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுகின்றன. 'எலும்பு தேஞ்சிடுச்சு', 'ஜவ்வு விலகிடுச்சு', 'இனிமே குனியவே கூடாது', 'ஒரு மாசம் படுத்தே இரு'... இதில் எது உண்மை, எது பயமுறுத்தல்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

இடுப்புக்குள் என்னதான் இருக்கிறது?

விலா எலும்பு முடியும் இடத்திலிருந்து பிட்டம் தொடங்கும் இடம் வரை உள்ள பகுதியில் வரும் வலியைத்தான் மருத்துவர்கள் கீழ்முதுகு வலி என்கிறார்கள். நமக்கு அது இடுப்பு வலி. அந்த இடத்தில் ஐந்து பெரிய முதுகெலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க். ஜவ்வு என்று நாம் சொல்வது இதைத்தான். வெளியே கெட்டியான நார் வளையங்கள், உள்ளே ஜெல்லி போன்ற பொருள். இவற்றைச் சுற்றித் தசைகள், தசைநார்கள், சிறு மூட்டுகள், காலுக்குப் போகும் நரம்புகள்.

இந்த டிஸ்க், பெயருக்கு ஏற்றபடி 'நழுவி' வெளியே வந்து விழுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது உறுதியாக ஒட்டியிருக்கிறது. சில சமயம் அதன் ஓரம் பிதுங்கும். உள்ளிருக்கும் ஜெல்லி வெளியே கசிந்து பக்கத்து நரம்பைத் தொந்தரவு செய்யலாம். அப்போது பிட்டத்திலிருந்து கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல வலி இறங்கும். அதுதான் சயாட்டிகா. நல்ல செய்தி என்னவென்றால், இப்படிப் பிதுங்கியவற்றில் பலவற்றை சில மாதங்களில் உடலே கரைத்துச் சுருக்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை.

இடுப்பு வலியோடு வரும் 10 பேரில் சுமார் 9 பேருக்கு, 'இதோ, இந்த இடத்தில் இந்தக் கோளாறு' என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம். தலைவலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலை வலித்தால், மண்டை ஓட்டில் விரிசல் விட்டிருக்குமோ என்று நாம் யோசிப்பதில்லை. தூக்கம் கெட்டதா, சாப்பிடவில்லையா, டென்ஷனா என்றுதான் பார்க்கிறோம். இடுப்பு வலியிலும் பெரும்பாலானவை அந்த மாதிரிதான். வலி நிஜம். ஆனால், உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதெல்லாம் நோயா?

வலி வந்த மூன்றாவது நாளே எம்.ஆர்.ஐ எடுத்துவிடும் பழக்கம் இப்போது அதிகம். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் டீஜெனரேஷன்', 'டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கும். அன்று ராத்திரியே கூகுளில் தேடி, தூக்கம் போய்விடும்.

2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவிகிதம். 80 வயதில் 96 சதவிகிதம்! டிஸ்க் பிதுக்கமும் அப்படித்தான். 20 வயதில் 30 சதவிகிதம், 50 வயதில் 60 சதவிகிதம், 80 வயதில் 84 சதவிகிதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை.

தலைமுடி நரைப்பதைப் போல முதுகெலும்புக்கும் வயதாகிறது. சிலருக்கு இருபதிலேயே இளநரை. 'தேய்மானம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் பைக் செயின் தேய்ந்ததுபோல, இனி மாற்றியே ஆகவேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். உடல், செயினைப் போன்ற உதிரிபாகம் அல்ல. பயன்படுத்தப் பயன்படுத்தத் தசையும் எலும்பும் வலுவாகின்றன.

அப்படியானால் ஸ்கேன் எப்போது தேவை? காலில் பலவீனம் வந்தால், கடைசியில் சொல்லப்போகும் ஆபத்து அறிகுறிகள் இருந்தால், அல்லது ஆறு வாரம் தாண்டியும் வலி குறையாமல் ஊசியோ ஆபரேஷனோ வேண்டுமா என்று மருத்துவர் யோசிக்கும் நிலையில் தேவை. மற்றபடி, சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு முதல் வாரத்திலேயே எடுக்கும் ஸ்கேன், சிகிச்சையை மாற்றுவதில்லை. பயத்தைத்தான் கூட்டுகிறது.

'ரெண்டு வாரம் படுத்தே இரு' - வேண்டாமே!

வீட்டில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால், நாம் முதலில் செய்வது பாய் விரித்துப் படுக்கவைப்பதுதான். அக்கறையில் செய்கிறோம். ஆனால், பலன் நேர்மாறு.

1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், திடீர் இடுப்பு வலி வந்த மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை. இன்னொரு குழுவுக்கு முதுகுக்கான பயிற்சிகள். மூன்றாவது குழுவிடம், 'வலி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு, வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்தும், பன்னிரண்டு வாரம் கழித்தும் பார்த்தபோது நன்றாக இருந்தது அந்த மூன்றாவது குழுதான். மெதுவாகக் குணமானவர்கள், படுத்திருந்தவர்கள்.

காரணம் எளிது. படுத்தே இருந்தால் தசை இறுகும், பலம் குறையும். 'அசைந்தால் ஆபத்து' என்று மூளை கற்றுக்கொள்ளும். மூன்றாவது நாள் எழுந்திருக்கும்போது முன்பைவிட வலிக்கும். 'பார்த்தியா, இன்னும் சரியாகல' என்று திரும்பவும் படுப்போம். இந்தச் சுழலில்தான் பத்து நாள் வலி பத்து மாத வலியாகிறது.

'கட்டாந்தரையில் படு, பலகையில் படு' என்பது அடுத்த அறிவுரை. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்திருந்தது. தரையில் பாய் போட்டுப் படுப்பது உங்களுக்கு சுகமாக இருந்தால் தாராளமாகப் படுங்கள். இடுப்பு வலி வந்துவிட்டதே என்பதற்காகத் தரைக்கு மாற வேண்டியதில்லை.

முதல் வாரம் என்ன செய்யலாம்?

* வலி கடுமையாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு நாள், தேவைப்படும்போது படுங்கள். ஆனால், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் நடங்கள்.

* மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. இரண்டுமே இடுப்புக்கு இதம்.

* எழுந்திருக்கும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள்.

* வெந்நீர் ஒத்தடம் நல்லது. தோல் வெந்துபோகாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

* தைலம் தேய்த்து இதமாக நீவிவிடுவதில் தப்பில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, யாரோ ஒருவர் 'சொடுக்கு எடுத்து' முறுக்கிவிடுவது வேண்டவே வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். திடீர் இடுப்பு வலி உள்ள 1,652 பேரைச் சேர்த்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்குக் குணமாக 17 நாள் ஆனது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள்! மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் வலுவான வலி மாத்திரைகள் கொஞ்சம் பலன் தரும் என்பது உண்மை. ஆனால், அல்சர், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை, இதய நோய் உள்ளவர்களுக்கு அவை ஆபத்தாகலாம். மருத்துவர் சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாள்கள் மட்டும்.

இடுப்பு பெல்ட்? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்காதவற்றின் பட்டியலில் பெல்ட்டும் இருக்கிறது, எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் இருக்கிறது. வலியைப் பற்றிப் புரியவைப்பது, உடற்பயிற்சி, மனநல ஆலோசனை போன்றவை பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன.

சேர் கேட்டவர்களும், சேரை விட்டு எழ முடியாதவர்களும்

'உட்காருவதுதான் இந்தக் காலத்தின் விஷம்' என்று ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வலியே வரக்கூடாதே? தி.நகர், தாம்பரம் ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நின்ற கால்களும் இடுப்பும் என்ன பாடுபடும் என்று சொல்வார்கள். வாடிக்கையாளரே இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது.

அதற்காகத்தான் 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியர்கள் வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாக் கடைகளிலும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கேரளா 2018-லேயே இதைச் செய்திருந்தது. உங்கள் கடையில் ஸ்டூல் இல்லையென்றால், அது முதலாளியின் தயவு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உங்கள் உரிமை.

ஜவுளிக் கடை அக்கா உட்கார இடம் கேட்கிறார். சிறுசேரி தம்பிக்கு எழுந்திருக்க நேரம் வேண்டும். இரண்டு இடுப்பும் கேட்பது ஒன்றுதான்... கொஞ்சம் மாற்றம். எந்த நிலையாக இருந்தாலும், மணிக்கணக்கில் அப்படியே இருப்பதுதான் தொந்தரவு. இப்படித்தான் உட்கார வேண்டும் என்று ஒரே ஒரு 'சரியான' முறையும் கிடையாது. விறைப்பாக ராணுவ வீரர் மாதிரி எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். சாய்ந்து கொஞ்ச நேரம், நிமிர்ந்து கொஞ்ச நேரம், நின்று கொஞ்ச நேரம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஆபீஸில்...

* அரை மணி அல்லது முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். ஒரு நிமிடம் போதும். சின்ன வாட்டர் பாட்டில் வைத்துக்கொண்டால், அது தீரும்போதெல்லாம் எழுந்தே ஆகவேண்டும்.

* பேச மட்டுமே வேண்டிய கால்களை நடந்துகொண்டே பேசுங்கள்.

* பாதம் தரையில் முழுமையாகப் படட்டும். எட்டவில்லையென்றால் கீழே ஒரு பலகை. லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் தூக்கி வைத்து, தனி கீபோர்டு, மவுஸ் பயன்படுத்தினால் குனிய வேண்டியிருக்காது.

* பஸ்ஸில், கேபில் போகும்போது சின்ன டவலைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். இறங்கிய உடனே கனமான பையைத் தூக்காமல், இரண்டு நிமிடம் நடந்த பிறகு தூக்குங்கள்.

டீம் லீடர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிக்கடி எழுந்து நடக்கும் ஊழியரைப் பார்த்து 'வேலை செய்யாமச் சுத்துறான்' என்று நினைக்காதீர்கள். எழுந்து நடக்கத் தயங்கித் தயங்கியே உட்கார்ந்திருப்பவர்தான் நாளை ஒரு வாரம் லீவு கேட்டு வருவார்.

வீட்டில்...

ஓ.எம்.ஆர் பக்கத்தில் பல வீடுகளில் குடிநீர் என்றால் கேன்தான். 20 லிட்டர் கேன் என்பது 20 கிலோவுக்கும் மேல். அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும் அந்த ஒரு நொடியில்தான் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கேனின் வாயில் பொருத்தும் சின்ன பம்ப் வாங்கிவிட்டால் கவிழ்க்கவே வேண்டாம். தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால், முழங்காலை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டி அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள்.

சமையலறையில் நெடுநேரம் நிற்பவர்கள், கீழே ஒரு சின்ன மணைப்பலகை போட்டு ஒரு பாதத்தை அதில் வைத்து, அவ்வப்போது கால் மாற்றினால் இடுப்புக்கு ஓய்வு கிடைக்கும். காய் நறுக்குவது, பூண்டு உரிப்பது போன்றவற்றை உட்கார்ந்து செய்யலாம். அந்த வேலைகளை மற்றவர்களும் பங்குபோட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

குழந்தை பெற்ற பெண்கள் பலர், 'சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதிலிருந்துதான் இந்த வலி' என்பார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால், வருடக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்தில் தளர்ந்த தசைநார்கள், பலமிழந்த வயிற்றுத் தசை, தூக்கமின்மை, குனிந்தபடி பால் கொடுப்பது, குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குவது... காரணங்களை இந்தப் பக்கம் தேட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும். 'ஊசியால் வந்தது, இனி போகாது' என்று விட்டுவிடாதீர்கள் அம்மாக்களே!

வலி போன பிறகு நடங்கள்

இடுப்பு வலியில் பெரிய தலைவலி, அது திரும்பத் திரும்ப வருவதுதான். அதைத் தள்ளிப்போட என்ன வழி? ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது. இடுப்பு வலி வந்து சமீபத்தில் குணமான 701 பேரில் ஒரு பாதியினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலுடன் நடைப்பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு ஆன காலத்தின் நடு அளவு 208 நாள். நடைப்பயிற்சி இல்லாதவர்களுக்கு 112 நாள். செலவு, ஒரு ஜோடி செருப்பு!

முதல் நாளே அரை மணி நேரம் வேண்டாம். ஆபீஸ் வளாகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், அல்லது அபார்ட்மென்ட்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடையோடு இந்த நான்கு பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். அடிமுதுகை மெதுவாகத் தரையோடு அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். 10 முறை.

2. அதே நிலையில் பிட்டத்தைத் தரையிலிருந்து பாலம்போலத் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். 10 முறை.

3. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே இறக்குங்கள். 10 முறை.

4. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 10 முறை.

செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். வலி காலை நோக்கி இன்னும் கீழே இறங்கினாலோ, மரத்துப்போவது அதிகமானாலோ நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். முன்பே ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு பலவீனம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

மனசுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. அப்ரைசல் நேரம், பெஞ்சில் போட்டுவிடுவார்களோ என்ற கவலை, வீட்டுக் கடன், ராத்திரி ஷிஃப்ட், ஐந்து மணி நேரத் தூக்கம்... இவையெல்லாம் நரம்பு மண்டலத்தை எப்போதும் உஷார் நிலையில் வைக்கின்றன. அப்போது சின்ன வலியும் பெரிதாகக் கேட்கும், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவைத்த மாதிரி. இதனால் 'வலி உன் கற்பனை' என்று அர்த்தமில்லை. வலி நூறு சதவிகிதம் உண்மை. அதன் சத்தத்தைக் குறைக்கும் பட்டன்களில் தூக்கமும் மன அமைதியும் அடக்கம் என்பதுதான் விஷயம். புகைப்பவர்களுக்கு இடுப்பு வலி அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

இவ்வளவு நேரம் 'பயப்பட வேண்டாம்' என்று சொன்னேன். இந்தப் பட்டியல் மட்டும் விதிவிலக்கு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிடுங்கள்.

* சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ அறியாமல் போய்விடுவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு காலிலும் பலம் குறைவது: இது அவசரநிலை. காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தாமதித்தால் நரம்பு பாதிப்பு நிரந்தரமாகலாம்.

* பாதத்தைத் தூக்க முடியவில்லை, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது.

* கீழே விழுந்த பிறகு, அல்லது விபத்துக்குப் பிறகு வந்த வலி. வயதான பெண்களுக்கு லேசாக வழுக்கி விழுந்தாலே முதுகெலும்பு நொறுங்கலாம்.

* ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகு வலி.

* 45 வயதுக்குள் ஆரம்பித்து, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடந்தால் குறையும் வலி, பின்னிரவில் எழுப்பிவிடும் வலி. இது முதுகெலும்பைப் பாதிக்கும் வாத நோயாக இருக்கலாம். மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் முதுகு இறுகிப்போகாமல் காக்க முடியும்.

* மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, ராத்திரியில் அதிகமாகும் வலி. நம் நாட்டில் இதற்கு முதலில் நினைக்க வேண்டிய பெயர், முதுகெலும்புக் காசநோய்.

காசநோய் என்றால் நுரையீரல், இருமல் என்று மட்டுமே நினைக்கிறோம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் 'சானடோரியம்' என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்த தாம்பரம் பகுதியிலும், எலும்பிலும் காசநோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இதற்கு மாதக்கணக்கில் படுக்கை, மாவுக்கட்டு என்பதுதான் சிகிச்சை. சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளைக் கிடத்திவைக்காமல் நடமாடவிட்டு, 6 அல்லது 9 மாதம் மாத்திரை கொடுத்து, பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவுகள் 1999-ல் வெளியாகின. நடமாடியபடி மருந்து சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆபரேஷன் இல்லாமலேயே நல்ல நிலையில் இருந்தார்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சீக்கிரம் கண்டுபிடிப்பது மட்டும்தான் நம் வேலை.

எங்கே போவது?

சாதாரண இடுப்பு வலிக்கு முதலில் உங்கள் குடும்ப மருத்துவர் அல்லது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மேல் சிகிச்சை கிடைக்கும். வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெரியவர்கள் இருந்தால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: 'எனக்கு ஆபத்தான அறிகுறி ஏதாவது இருக்கா டாக்டர்? இந்த ஸ்கேன் எடுத்தா சிகிச்சை மாறுமா? நான் என்னென்ன வேலை செய்யலாம்?' கடைசிக் கேள்விதான் முக்கியம். 'என்ன செய்யக் கூடாது' என்ற பட்டியலோடு வீடு திரும்புபவர்களைவிட, 'என்ன செய்யலாம்' என்று தெரிந்துகொண்டு திரும்புபவர்கள் சீக்கிரம் தேறுவார்கள்.

இதைப் படித்து முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் ஒரே இடத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பால்கனி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த வாரம்: குனிந்த தலை நிமிராமல் போன் பார்ப்பவர்களுக்கு... கழுத்து வலி!